ஷாலிகாஷ்விலியும் உங்கள் மாமனாரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மாமனார் சென்ற மாசியில் காலமானார். எழுபதுகளில் மருத்துவராக அமெரிக்கா வந்தவர். குடியுரிமை கிடைத்த பிறகு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, லெப்டினென்ட் கர்னலாக ஓய்வுபெற்றார். முதலாண்டு நினைவு நாளுக்குள் ஒரு சிறிய நினைவு மலர் கொண்டுவர வேண்டும் என்று வீட்டில் பேச்சு. ஊரில் இருக்கும் உறவுகளும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில். இங்கே தமிழில் கோவையாக எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான், ஆகவே பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கணவரும் நாத்தனாரும் சொல்வதெல்லாம் ஒரே வரிதான்: இரண்டு பெட்டியோடு வந்தார், உழைத்தார், உயர்ந்தார். அத்தையிடம் கேட்டால், "உங்க மாமாவைப் பத்தி என்ன சொல்றது, தங்கமான மனுஷர்" என்று நிறுத்திக்கொள்கிறார்.

அகதிகளைப் பற்றிய உங்கள் பழைய கட்டுரை ஒன்றில் ஜான் ஷாலிகாஷ்விலி என்ற அமெரிக்கத் தளபதியைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். போலந்தின் வார்சாவில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்கா வந்து, அந்நாட்டு ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியில் உட்கார்ந்தவர் என்றதும் சிலிர்ப்பாக இருந்தது. பிறகு, அவருடைய அப்பா போர்க்காலத்தில் ஜெர்மானியப் படையில் இருந்தவர் என்று படித்ததும் குழம்பிவிட்டேன். அமெரிக்கக் கனவு என்கிறார்களே, அதற்கு இவர் நல்ல உதாரணமா? மகன் உயரும்போது அப்பாவின் பழைய கதையைத் தோண்டுவது நியாயமா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. 1991 வளைகுடாப் போருக்குப் போய்வந்த பிறகு மாமா பல மாதங்கள் வீட்டில் யாருடனும் சரியாகப் பேசவில்லையாம். இன்னொன்று, அவர் அந்நிய நாட்டு ராணுவத்தில் சேர்ந்ததைப் பிடிக்காத அவருடைய தம்பி, வெகுகாலம் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். சித்தப்பா இன்னும் ஊரில் இருக்கிறார். "அதெல்லாம் எதுக்கு மலர்ல?" என்கிறார்கள் வீட்டில். எழுதலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மாமனாரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

எழுதலாம். எப்படி எழுதுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஷாலிகாஷ்விலியின் வாழ்க்கையை வைத்தே உங்களுக்குப் பதில் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். அந்தப் பழைய கட்டுரையில் இடமில்லாமல் சுருக்கிவிட்டேன்.

அப்பா திமித்ரி ஷாலிகாஷ்விலி ஜார்ஜியாக்காரர், பிரபுக் குடும்பம். ரஷ்யப் பேரரசின் ராணுவத்தில் அதிகாரியாக இருந்தார். பேரரசு விழுந்து ஜார்ஜியா சில ஆண்டுகள் சுதந்திர நாடாக இருந்தபோது அதன் ராணுவத்தில் சேர்ந்தார். 1921இல் சோவியத் படைகள் ஜார்ஜியாவைப் பிடித்துக்கொண்டன. அப்போது அவர் அரசுப் பணியாகத் துருக்கியில் இருந்தார், திரும்பிப் போக நாடு இல்லை. போலந்து அரசு இப்படி நாடிழந்த ஜார்ஜிய அதிகாரிகளை ஒப்பந்த முறையில் தன் ராணுவத்தில் எடுத்துக்கொண்டது. அங்கே போனார், மணம் செய்துகொண்டார், மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். ஜான் 1936இல் வார்சாவில் பிறந்தவர். 1939இல் ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தபோது திமித்ரி போலந்துக்காகப் போரிட்டு, ஜெர்மானியரிடம் கைதியாகி, பிறகு விடுதலையானார். அதன் பின், ஜெர்மனி திரட்டிய ஜார்ஜியப் படைப்பிரிவில் சேர்ந்தார். போர் முடிவில் பிரிட்டிஷாரிடம் கைதியானார்.

எண்ணிப் பாருங்கள், ஒரே ஆள், நான்கு ராணுவங்களின் சீருடை. அதில் மூன்று அரசுகள் அவர் கண்முன்னே இல்லாமல் போனவை.

இத்தனைக்கும் நடுவில் பிள்ளைகளைக் காப்பாற்றியது அம்மா மரியா. 1944இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்புக்கு எதிராக எழுந்த வார்சா எழுச்சியை நாஜிகள் நசுக்கி நகரத்தையே தரைமட்டமாக்கியபோது அந்தக் குடும்பம் உள்ளேதான் இருந்தது. அங்கிருந்து தப்பி, சரக்கு ரயில் பெட்டியில் ஏறி, பவேரியாவில் இருக்கும் பாப்பன்ஹைம் என்ற சிற்றூரில் உறவினர்களிடம் போய்ச் சேர்ந்தார்கள். ஷாலிகாஷ்விலியைப் பற்றி வந்த குறிப்புகளில் அப்பாவின் படைப்பிரிவுகளுக்குப் பத்தி பத்தியாக இடம் இருக்கிறது. மூன்று பிள்ளைகளை எரியும் நகரத்திலிருந்து வெளியே கொண்டுவந்த அம்மாவுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகளோடு சரி. மலர் எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

1952இல் குடும்பம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகருக்கு வந்தது. உறவு வழியில் தெரிந்த ஒரு பெண்மணியும் உள்ளூர்த் தேவாலயமும் பொறுப்பேற்று அழைத்துக்கொண்டார்கள். நான்கு ராணுவங்களில் பணியாற்றிய அப்பா மின்சாரக் கம்பெனியில் வேலைக்குப் போனார். பிரபுக் குடும்பத்து அம்மா வங்கியில் கோப்புகளை அடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மகன் பள்ளிக்குப் போனான். ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்னின் படங்களைப் பார்த்தே ஆங்கிலம் கற்றான் என்று ஒரு கதை உண்டு. செய்தித்தாள்களுக்கு மிகவும் பிடித்த கதை, எத்தனை சதவீதம் உண்மையோ. பிராட்லி பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து 1958இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மே மாதம் குடியுரிமை. அதுதான் அவருடைய வாழ்க்கையின் முதல் குடியுரிமை. அதுவரை அவர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்ல, பிறப்பிலிருந்தே நாடற்றவர். இதன் பொருளை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்தில் 1948 குடியுரிமைச் சட்டம் லட்சக்கணக்கான தமிழர்களை அப்படித்தான் ஆக்கியது.

குடியுரிமை கிடைத்த கையோடு கட்டாய ராணுவச் சேவைக்கான ஓலையும் வந்துவிட்டது. சாதாரணச் சிப்பாயாக உள்ளே போனார். அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பித்து, 1959இல் பீரங்கிப் படை அதிகாரியாக வெளியே வந்தார். 1993 அக்டோபரில் கூட்டுப் படைத்தலைவர்கள் குழுவின் தலைவர், அதுதான் நீங்கள் சொன்ன மிக உயர்ந்த பதவி. வெளிநாட்டில் பிறந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள். கட்டாயச் சேவையில் இழுத்து வரப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஆளும் அவர்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி. அமெரிக்கக் கனவுக்கு உதாரணமா என்றால், ஆமாம். ஆனால் கதவு எல்லோருக்கும் ஒரே அகலத்தில் திறக்கவில்லை. அவர் வந்திறங்கிய அதே 1952இல், இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை ஆண்டுக்கு 100. லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, வெறும் நூறு பேர். அந்த நூறும் 1946இல் வந்த சட்டத்தின் கருணை. அதற்கு முந்தைய நிலைமைக்கு பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கு போதும். பஞ்சாபிலிருந்து போன சீக்கியர். முதல் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1918இல், அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார், சார்ஜென்ட் ஆனார். சீருடையில் இருக்கும்போதே குடியுரிமை கொடுத்தார்கள், நாலே நாளில் பிடுங்கிக்கொண்டார்கள். மறுபடி 1920இல் பெற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923இல், இந்தியர்கள் சட்டத்தின் பொருளில் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பு வந்தது. முதல் போரில் பணியாற்றியவர்களுக்காக 1935இல் கொண்டுவந்த தனிச் சட்டத்தால்தான் 1936இல் அவர் ஒருவழியாகக் குடிமகன் ஆனார். ஷாலிகாஷ்விலி வார்சாவில் பிறந்த ஆண்டு அது.

திந்த் சிப்பாயாக இருந்த இடம் வாஷிங்டன் மாநிலத்து கேம்ப் லூயிஸ். அது பிற்பாடு ஃபோர்ட் லூயிஸ் ஆகி, எண்பதுகளின் பிற்பகுதியில் அங்கே 9ஆவது காலாட்படை டிவிஷனுக்குத் தளபதியாக வந்தவர் ஷாலிகாஷ்விலி. அந்த முகாமின் வாசலில் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டலாம்.

சரி, இதைச் சொல்லி அவருடைய உழைப்பைக் குறைக்க நான் விரும்பவில்லை. எனக்குக் குறை இருப்பது 'வந்தார், உழைத்தார், உயர்ந்தார்' என்ற வாய்பாட்டின் மேல்தான். அது யாருக்கும் பொருந்தும். வங்கி மேலாளருக்கும் பொருந்தும், இட்லிக் கடை முதலாளிக்கும் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துவதால் யாரையும் காட்டாது. ஒரு மனிதரை நினைவுகூர்வதென்றால், அவருக்கென்று இருந்த கைத்திறன் என்ன, அது எங்கே கற்றது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஷாலிகாஷ்விலியிடம் அது என்ன? நான் பார்த்தவரையில், தனக்குக் கீழே இல்லாதவர்களைத் தன்னோடு நடக்க வைப்பது.

ராணுவ அதிகாரி என்றதும் உத்தரவு போடுகிற ஆள் என்றே நினைக்கிறோம். அவருடைய முக்கியமான பதவிகளை வரிசையாகப் பாருங்கள். 1968-69இல் வியட்நாமில், குவாங் ட்ரி மாகாணத்தின் ட்ரியூ ஃபோங் மாவட்டத்தில் மூத்த ஆலோசகர். பெயரிலேயே இருக்கிறது: ஆலோசகர். மாவட்டத்தை நடத்துவது வியட்நாமிய அதிகாரி. அந்த ஆள் கேட்டுக்கொண்டால் காரியம் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. பிறகு 1992இல் ஐரோப்பாவில் நேட்டோ ராணுவக் கூட்டணிப் படைகளின் தலைமைத் தளபதி. அங்கே ஒவ்வொரு நாடும் தனித்தனியாகத் தலையசைக்க வேண்டும். கடைசியாக அந்த உச்சப் பதவி. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டுப் படைத்தலைவர்கள் குழுவின் தலைவர் என்பவர் அதிபரின் முதன்மை ராணுவ ஆலோசகர், அவ்வளவுதான். கட்டளைச் சங்கிலி அதிபரிடமிருந்து பாதுகாப்புச் செயலருக்கும், அவரிடமிருந்து களத் தளபதிகளுக்கும் போகிறது, நடுவில் இவர் இல்லை. அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ அதிகாரியால் தன் அதிகாரத்தில் ஒரு பட்டாளத்தைக் கூட நகர்த்த முடியாது.

இந்தத் திறன் முழுதாக வெளிப்பட்டது 1991 வசந்தத்தில். வளைகுடாப் போர் முடிந்த கையோடு வடக்கு இராக்கில் குர்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். சதாம் உசேனின் படை அதை நொறுக்கியது. சுமார் 5 லட்சம் பேர் துருக்கி எல்லையிலிருந்த மலைகளில் ஏறிவிட்டார்கள். மேலே பனி, குளிர். கிடைத்த தண்ணீர் அசுத்தம், அதனால் வயிற்றுப்போக்கு. குழந்தைகளும் கிழவர்களும் நாள்தோறும் செத்துக்கொண்டிருந்தார்கள். துருக்கி அவர்களைக் கீழே இறங்க விடவில்லை, தன் நாட்டுக் குர்துகளோடு அதற்கு ஏற்கெனவே தகராறு. விமானத்திலிருந்து உணவுப் பெட்டிகளைப் போட்டார்கள், பாரசூட்டில் வந்த சில பெட்டிகள் கீழே நின்ற ஆட்கள் மேலேயே விழுந்தன. பெட்டியைப் பிரித்தால் உள்ளே அமெரிக்கச் சிப்பாய்க்கான தயார் உணவுப் பொட்டலம். வயிற்றுப்போக்கில் கிடக்கும் கைக்குழந்தைக்கு அதைக் கொண்டு என்ன செய்வது?

இந்த நிலையில் அங்கே பொறுப்பேற்றவர் லெப்டினென்ட் ஜெனரல் ஷாலிகாஷ்விலி. அமெரிக்கத் துருப்புகள் அவர் சொன்னதைச் செய்யும். மற்றதெல்லாம் அவர் கையில் இல்லை. பத்துக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் வந்திருந்தன, ஒவ்வொன்றும் தன் தலைநகரைக் கேட்டுத்தான் நகரும். துருக்கி அதிகாரிகள், ஐநா அகதிகள் ஆணையம், தொண்டு நிறுவனங்கள், ஆயுதம் வைத்திருந்த குர்துப் போராளிகள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனி நிபந்தனை. எதிரே இராக் ராணுவம். மக்களை மலையிலேயே வைத்துச் சோறு போடுவது தீராத வேலை, கீழே இறக்கி ஊருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதில் முடிவாக இருந்தார்கள். ஃப்ரெட் கியூனி என்ற நிவாரண நிபுணர் ஒருவர் இதில் விடாப்பிடியாக நின்றவர். சீருடை இல்லாத, எந்தக் கட்டளைக்கும் உட்படாத ஆள். இப்படிப்பட்டவரின் யோசனைக்குக் காது கொடுக்கிற ராணுவத்தை அடிக்கடி பார்க்க முடியாது. இராக்கியத் தளபதியை நேரில் சந்தித்து, ஸாகோ நகரைச் சுற்றிய பகுதியிலிருந்து படையை விலக்கிக்கொள்ளச் சொன்னார் ஷாலிகாஷ்விலி. விலகினார்கள். ஸாகோ சமவெளியில் கூடாரங்கள் எழுந்தன, பிறகு தஹோக் நகரமும் திறந்தது. ஜூன் தொடக்கத்தில் மலை முகாம்கள் ஏறக்குறையக் காலி. ஜூலை நடுவில் கூட்டணிப் படைகள் இராக்கை விட்டு வெளியேறின.

எட்டு வயதில் சரக்கு ரயிலில் அகதியாகப் போனவர், அதனால்தான் அகதிகளின் வலி புரிந்தது என்று எழுதிவிடலாம். பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு நம்பிக்கை தரவில்லை, அகதியாக இருந்த எத்தனையோ பேர் பிறகு கதவைச் சாத்துகிறவர்களாக ஆனதைப் பார்த்திருக்கிறோம். பிள்ளைப் பருவம் அவருக்குக் கொடுத்தது வேறொன்று. பாப்பன்ஹைமில் உறவினர் தயவு, பியோரியாவில் தேவாலயத்தின் தயவு. யார் வீட்டிலும் உரிமையோடு குரலை உயர்த்த முடியாது. யாருக்கு என்ன வேண்டும், யார் எதற்குச் சுருங்குவார் என்று கவனித்துக் கவனித்து இடம்பிடிக்க வேண்டும். புகுந்த வீட்டில் முதல் சில வருஷங்கள் ஒரு மருமகள் செய்வது இதைத்தான், உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தப் பழக்கத்தை அவர் ராணுவ உத்தியாக ஆக்கிக்கொண்டார்.

1994இல் நேட்டோ தொடங்கிய 'அமைதிக்கான கூட்டுறவு' திட்டத்திலும் இதே முத்திரையைப் பார்க்கலாம். சோவியத் முகாம் கலைந்த பின் கிழக்கு ஐரோப்பிய நாடுகள் நேட்டோ கதவைத் தட்டின. உடனே சேர்த்தால் ரஷ்யா கொதிக்கும், சேர்க்காவிட்டால் அவர்கள் அநாதையாக நிற்பார்கள். வாசலில் நிற்க வைக்காமல் திண்ணையில் உட்கார வைக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதை உருவாக்கியவர்களில் இவர் முக்கியமானவர். சேர்ந்த நாடுகளில் போலந்தும் இருந்தது, அவர் அப்பாவின் ஜார்ஜியாவும் இருந்தது.

புகழுரை இத்தோடு போதும். இணங்க வைக்கிறவர்களுக்கு ஒரு எல்லை உண்டு. எல்லோரும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்ய வேண்டாம் என்று இருக்கும்போது அவர்கள் தனியாக எழுந்து நின்று கத்துவது அபூர்வம். 1994இல் ருவாண்டாவில் சுமார் நூறு நாட்களில் 8 லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அமெரிக்கா தலையிடவில்லை. முந்தைய அக்டோபரில் சோமாலியாவின் மொகதிசுவில் சிப்பாய்களை இழந்த சூடு ஆறவில்லை, வாஷிங்டனில் யாருக்கும் இன்னொரு ஆப்பிரிக்கச் சாகசத்தில் விருப்பமில்லை. முடிவெடுத்தது அதிபர் கிளின்டன். ஆனால் அந்த அறையில் முதன்மை ராணுவ ஆலோசகர் நாற்காலியில் இருந்தவர் குர்து மலைகளைக் கண்ணால் பார்த்தவர். அவரைப் பற்றிய எந்த நினைவுக் குறிப்பும் குர்து மலைகளோடு ருவாண்டாவையும் சேர்த்துச் சொன்னால்தான் முழுமை என்பது என் கருத்து.

இனி அப்பா விஷயம். 1993இல் கிளின்டன் இவர் பெயரை அறிவித்த பிறகு, நாஜிக் குற்றங்களைத் தொடர்ந்து ஆராயும் சைமன் வீசென்தால் மையம் ஒரு தகவலை வெளியிட்டது. திமித்ரி இருந்த ஜார்ஜியப் பிரிவு போரின் பிற்பகுதியில் நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான வாஃபன் எஸ்எஸ் அமைப்பின் கீழ் வந்தது என்பதே அது. ஆதாரம் எங்கே கிடைத்தது தெரியுமா? திமித்ரியே எழுதிவைத்த குறிப்புகளில். ஸ்டான்ஃபோர்டில் இருக்கும் ஹூவர் நிறுவனத்தின் காப்பகத்தில் அவை இருந்தன. திமித்ரி 1978இலேயே இறந்துவிட்டார். தனக்கு இது தெரியாது என்றார் மகன். செனட் அவர் நியமனத்தை ஏற்றது. அப்பாவின் பழிக்கு மகன் பொறுப்பில்லை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு எழவில்லை.

நியாயமா என்று கேட்கிறீர்கள். மகனை அதற்காகத் தண்டிப்பது அநியாயம். ஆனால் தோண்டினார்கள் என்பது சரியில்லை, எழுதி வைத்துவிட்டுப் போனது அப்பாதான். நாடில்லாத ஒரு அதிகாரி, தன் நாடு திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையில் நாஜிகளோடு போய் நின்றார். இதில் பரிதாபமும் இருக்கிறது, குற்றமும் இருக்கிறது. ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியாது. நான் எழுதினால், எந்த வருஷம், எந்தப் படை, யாருக்குக் கீழே என்று மட்டும் எழுதுவேன். வக்காலத்தும் வேண்டாம், வசையும் வேண்டாம். ஓய்வுக்குப் பிறகு ஷாலிகாஷ்விலி வருகைப் பேராசிரியராகப் போனது அதே ஸ்டான்ஃபோர்டுக்கு, அப்பாவின் தாள்கள் இருந்த வளாகத்துக்கு.

இன்னும் ஒன்றைச் சொல்லாவிட்டால் அவருடைய படம் முழுமையாகாது. தன்பாலீர்ப்பு உள்ளவர்கள் அதை வெளியே சொல்லாதவரை ராணுவத்தில் இருக்கலாம், சொன்னால் வெளியேற்றம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது அவருடைய காலத்தில்தான். அதை அவர் ஆதரித்தார். 2004இல் கடுமையான பக்கவாதம் தாக்கியது. அதற்குப் பிறகு, 2007 ஜனவரியில், நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். இராக்கில் பணியாற்றித் திரும்பிய தன்பாலீர்ப்புச் சிப்பாய்களைச் சந்தித்துப் பேசியதாகவும், அவர்கள் வெளிப்படையாக இருந்தால் படையின் வலிமை குலையாது என்று இப்போது நம்புவதாகவும் எழுதினார். ஓய்வுபெற்ற தளபதிகள் பழைய முடிவுகளுக்கு வக்கீலாகத்தான் பெரும்பாலும் வாழ்கிறார்கள். இவர் 2011 ஜூலையில் இறந்தார், அந்த விதி செப்டம்பரில் முடிவுக்கு வந்தது.

குடும்பத்தைப் பற்றி அதிகம் கிடைக்காது. முதல் மனைவி 1965இல் புற்றுநோயில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜோன் என்பவரை மணந்தார், ஒரு மகன். அண்ணன் ஒதாரும் அமெரிக்க ராணுவத்தில் கர்னல். 39 ஆண்டுச் சேவை என்றால் 39 ஆண்டு மாற்றல் என்றும் அர்த்தம், அதில் ஜோனின் பங்கு என்ன என்று யாரும் உட்கார்ந்து கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

உங்கள் மலருக்கு வருவோம். அத்தையிடம் "மாமா எப்படிப்பட்டவர்" என்று கேட்காதீர்கள், அதற்குத் "தங்கமான மனுஷர்" என்ற பதில்தான் வரும். மாற்றலைப் பற்றிக் கேளுங்கள். அமெரிக்க ராணுவத்தில் வீடு மாற்றும்போது சாமான்களை எடுத்துப்போக அரசே ஏற்பாடு செய்யும், எவ்வளவு எடை கொண்டுபோகலாம் என்பது பதவிக்குத் தக்கபடி. மூட்டை கட்ட வருகிறவர்கள் ஒவ்வொரு சாமானிலும் எண் போட்ட சிறிய வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பல குடும்பங்கள் அதைப் பிய்ப்பதே இல்லை. உங்கள் வீட்டுப் பழைய சாப்பாட்டு மேஜையைக் கவிழ்த்துப் பாருங்கள், அலமாரியின் பின்பக்கம் பாருங்கள். நான்கைந்து நிறங்களில் ஒன்றின் பக்கத்தில் ஒன்று இருக்கும். அத்தையை அங்கே உட்கார வைத்து, இது எந்த ஊரில் ஒட்டியது, அப்போது பிள்ளைகள் எந்த வகுப்பு, எந்த ஊரில் சாமான் வருவதற்குள் தரையில் படுத்தீர்கள் என்று கேட்டால் நிறுத்த மாட்டார். அங்கே உங்கள் மாமனாரும் வருவார், தங்கமாக இல்லாத நாட்களிலும் வருவார்.

அடுத்தது ஆவணங்கள். அவருடைய சேவைக் கோப்பு செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் இருக்கும். 1973இல் அங்கே ஒரு பெரிய தீ விபத்து நடந்து பழைய ராணுவக் கோப்புகள் லட்சக்கணக்கில் எரிந்தன. ஆனால் எரிந்தவை 1960க்கு முன் ராணுவத்தை விட்டவர்களுடையவை, உங்களுக்குக் கவலை இல்லை. எஸ்எஃப் 180 என்ற படிவத்தை நிரப்பிக் கேட்க வேண்டும். மருமகளுக்குத் தரமாட்டார்கள். மறுமணம் செய்யாத மனைவியோ பெற்ற பிள்ளையோ கேட்டால் தருவார்கள், ஆகவே அத்தையோ உங்கள் கணவரோ கையெழுத்துப் போடட்டும். டிடி 214 என்ற விடுவிப்புச் சான்றிதழ் வீட்டிலேயே ஏதாவது பெட்டியில் இருக்கக்கூடும். ஆனால் அது போதாது, முழுக் கோப்பையும் கேளுங்கள். எந்த மருத்துவமனைப் பிரிவில் எந்த மாதங்கள், என்ன பதக்கம், அதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும்.

1991இன் மௌனத்துக்கு நீங்களாகக் காரணம் கற்பிக்காதீர்கள். ஒரு பின்னணி மட்டும் சொல்கிறேன். தரைப்போர் நூறு மணி நேரத்தில் முடிந்தது, அமெரிக்கத் தரப்பில் போரில் இறந்தவர்கள் 150க்கும் கீழே. பெரும் எண்ணிக்கையில் காயமடைந்த அமெரிக்கர்களை எதிர்பார்த்து விரித்த படுக்கைகளில் வந்து கிடந்தவர்களில் இராக்கியக் கைதிகளும் பொதுமக்களும் நிறைய. ஒரு ராணுவ மருத்துவர் அங்கே எதைப் பார்த்திருப்பார் என்பது அவர் எந்தப் பிரிவில் எங்கே இருந்தார் என்பதைப் பொறுத்தது. கோப்பு வந்த பிறகு அந்தப் பிரிவில் கூடவே இருந்த யாரையாவது தேடிப் பிடிக்க முடிந்தால் பேசுங்கள். முடியாவிட்டால், பல மாதங்கள் பேசவில்லை என்ற ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதி அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். விளக்கம் இல்லாமல் நிற்பதால் அந்த வாக்கியத்துக்கு எந்தக் குறையும் வராது.

தம்பி கோபித்துக்கொண்டதையும் எழுதுங்கள், ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு. அமெரிக்கச் சீருடை போட்ட அண்ணன் மேல் ஊரில் இருந்த தம்பிக்கு ஏன் அத்தனை கோபம்? அரசியலா, கடைசிவரை அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டது என்ற ஆற்றாமையா, இரண்டுமா? வீட்டார் சொல்வது அண்ணன் பக்கத்துக் கதை. சித்தப்பா சொல்வது அவர் பக்கம். அவருக்கு வயதாகிவிட்டது என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது, ஆகவே மலரின் மற்ற வேலைகள் எல்லாம் அப்புறம். இந்த வாரமே போன் செய்யுங்கள். நீங்கள் பேசுவதைவிட உங்கள் கணவர் பேசுவது முறை. எடுத்த எடுப்பில் பழைய சண்டையைக் கேட்க வேண்டாம், சின்ன வயதில் இருவரும் எந்தப் பள்ளிக்கு எப்படிப் போனார்கள் என்று ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தப் பகுதி வேண்டாம் என்று அவர் சொன்னால் மட்டும் விட்டுவிடுங்கள், அந்த உரிமை அவருக்கு உண்டு, உங்கள் நாத்தனாருக்கு இல்லை.

மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். சித்தப்பா என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்.